நூறு வாட் டியூனர்

என் அப்பாவுக்கு ஒரு வியாதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாம் ரேடியோக்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும்போது, தன் குரல்தான் எல்லாரையும்விட ஓங்கிக் கேட்க வேண்டும். நூறு வாட் செட் போதவில்லை. சொன்னால் கேட்கிற மனிதரா? நானூறு வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

செட்டுக்கும் மொட்டைமாடி ஆன்டெனாவுக்கும் நடுவே ஒரு டியூனர் இருந்தது. செட்டின் சக்தி திரும்பி வராமல் ஆன்டெனாவுக்குப் போக அதுதான் வழி செய்யும். காக்ஸ் டவுன் வீட்டில் எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, தன் கையால் செய்தது. வேலை போய் எட்டு மாதமாகச் சும்மா இருந்தவர். அதைப் பார்த்துவிட்டு அந்த ரேடியோக்காரர்களில் நான்கு பேர் தங்களுக்கும் செய்து தரச் சொல்லியிருந்தார்கள். இனி இதை வைத்தே பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தார் பாவம்.

"அத்தான், இது நூறு வாட்டுக்குத்தான். உள்ள தகட்டுக்கு நடுவுல கேப் கம்மி, அதுக்கு மேல போனா பொறி பறந்து உருகிடும். பெருசா ஒண்ணு பண்ணித் தர்றேன், அதுவரைக்கும் ஆம்ப்ளிஃபையரைப் போடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் அம்மாவோடு சர்ச்சுக்குப் போனார்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் அப்பா போட்டார். டியூனருக்குள் சடசடவென்று நீலப் பொறி, கருகிய நாற்றம். ஆம்ப்ளிஃபையரைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். செட்டை ஆன்டெனாவில் நேராகச் செருகி, மச்சினன் செய்த டியூனர் நூறு வாட்டிலேயே எரிந்துவிட்டது என்று மைக்கில் கூசாமல் அறிவித்தார். அந்தச் சேதி மட்டும் எல்லாருக்கும் நன்றாகவே கேட்டது. பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குப் பத்து வயது. அப்பா என்னைக் கூட்டு சேர்த்துக்கொண்டதில் அவ்வளவு பெருமை.

மாமா திரும்பி வந்து டியூனரின் மூடியைத் திறந்தார். உள்ளே தகடுகள் உருகி ஒட்டிக் கிடந்தன. அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் வந்தார்.

"பாப்பா, நீ இங்கதான இருந்த. எவ்ளோல வெச்சாரு?"

"நூறு, மாமா."

சரி என்று தலையாட்டினார். ஒரு வாரத்துக்குள் நான்கு பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். மாதம் முடியுமுன் ஓசூரில் ஏதோ கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அப்புறம் எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை. சொந்தக்காரனுக்கு உதவினால் இதுதான் மிச்சம் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

நானும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் தெரிந்தது, நூறு வாட்டுக்குத் தகடுகள் அப்படி உருகாது என்று. மூடியைத் திறந்த மறுகணமே மாமாவுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். எத்தனை வாட் என்று அவர் என்னிடம் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. அந்த வீட்டில் தன் பக்கம் பேச ஒரு ஆளாவது உண்டா என்றுதான் கேட்டிருக்கிறார். இல்லை என்று நான் சொல்லிவிட்டேன்.