ஆட்டுக் கழுத்து மாத்திரை

அண்ணன் இருந்தார். மதினி இருந்தார். மாமனார் இருந்தார். என் மனைவி கதவோரம் நின்றாள். நாலு பேரும் நான் மாத்திரை விழுங்குவதையே பார்த்தார்கள். வேலை பார்க்கும் பினாங்கில் நான் எதை விழுங்கினாலும் கேட்க ஆள் இல்லை. விடுப்பில் வந்த சொந்த ஊர் திருவரங்குளத்தில் ஒரு மாத்திரைக்கு நாலு சாட்சி.

"எதுல செஞ்சதுங்க மாப்ள?" என்றார் மாமனார்.

"ஆட்டுக் கழுத்துல இருக்கிற சுரப்பிக் கோளத்துலங்க."

"ஆடுதானா? பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பினாங்கு ஆஸ்பத்திரியில் என் கழுத்துக் கழலையை அறுத்தார்கள். கெட்ட கழலை, விட்டால் மூச்சை அடைக்கும் என்று கோளத்தையும் முழுக்க எடுத்துவிட்டார் வெள்ளைக்கார டாக்டர். எடுத்ததைக் காட்டச் சொன்னேன். கம்பவுண்டர் ஒரு கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். யாருடையதோ, யார் கண்டது. கோளம் போனதால் ஆயுசுக்கும் தினம் ஒரு மாத்திரை. ஆடா மாடா என்று டாக்டரைக் கேட்டேன். வலிக்குமா என்று கேட்பதாக நினைத்து, "நோ, நோ" என்று தோளைத் தட்டினார். கம்பவுண்டர்தான் ஆடு என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு மாதம் விழுங்காமல் இருந்தேன். முகம் வீங்கிற்று. அந்த ஊர் வெயிலில் குளிர் எடுத்தது. அரிசிக் கிட்டங்கியில் மூட்டை தூக்கிய கைக்குத் தண்ணீர்ச் செம்பே கனத்தது. எதுவானாலும் ஆகட்டும் என்று விழுங்கத் தொடங்கினேன். இதை வீட்டில் சொல்லவில்லை.

"மாடுன்னா கோயில் படையல்ல நீங்க நிக்க முடியாதுங்க" என்றார் மாமனார்.

"ஆட்டுக் கழுத்துதானே? தெனம் நான் அறுத்துத் தாரேன். கப்பலேறாம இங்கிட்டே இருடா" என்றார் அண்ணன்.

"இருக்கிறது ரெண்டு ஆடு" என்றார் மதினி. "மூணாம் நாளு ஒங்க கழுத்தையா அறுப்பீங்க?"

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. என் மனைவி முன்னால் வந்தாள்.

"அத நிறுத்துனா இவுகளுக்கு என்ன ஆகும்? அதக் கேட்டீங்களா அப்பா?"

அந்த ஒரு மாதத்தைச் சொன்னேன். நிறுத்தினால் சாவுதான் என்றேன். மாமனார் மாத்திரைக் குப்பியை மோந்து பார்த்தார்.

"ஆடுன்னே வச்சுக்குவம்" என்றார்.

"புதுக்கோட்டையில கெடைக்காதா?" என்றாள் மனைவி. முந்தின நாளே போய்க் கேட்டிருந்தேன். மருந்துக் கடைக்காரர் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை. என் தழும்பைப் பார்த்து, யாரு வெட்டுனது என்றார்.

அவள் குப்பியைத் தட்டில் கவிழ்த்தாள். நான் பினாங்கு திரும்பும் ரயிலுக்கும் கப்பலுக்கும் பத்து மாத்திரையை ஓரமாக ஒதுக்கினாள். மீதி, நான் அவளோடு இருக்கும் நாள். அதை எண்ணிச் சொன்னாள். நம்பாமல் நானும் எண்ணினேன்.

இருபத்திரண்டு.