சத்தம் போடாத சுப்பர்வைசர்

1. கேட்ட கேள்வி

ஏறாவூருக்கு வெளியே உள்ள ஒரு கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் பல வருடம் தையல் மெஷினில் இருந்தவள் நான். சுப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் துணிந்து விண்ணப்பித்தேன். அதுவரை மெஷினில் இருந்த பெண் யாரையும் அந்த வேலைக்கு எடுத்ததில்லை. வெளியிலிருந்து ஆண்கள்தான் வருவார்கள்.

இன்டர்வியூவுக்காக என் மகள் போனில் பார்த்து மூன்று சொற்களைப் பாடமாக்கித் தந்திருந்தாள்: ஹார்ட்வேர்க்கிங், ஒனஸ்ட், டீம் பிளேயர். எனக்கு முன்னால் உள்ளே போன இரண்டு பேரும் வெளியே வந்து, அதே மூன்றையும்தான் சொன்னதாகச் சொன்னார்கள்.

உள்ளே புரொடக்ஷன் மனேஜர் ரவீந்திரன் சேரும் எச்.ஆர். மிஸ்ஸும் இருந்தார்கள்.

"நஸீமா, உங்களப் பத்தி ரெண்டு மூண்டு சொல்லில சொல்லுங்க" என்றார் சேர்.

சொற்கள் நாக்கு நுனியில் நின்றன. அதையே மூன்றாவது ஆளாக நானும் சொன்னால் அவருக்கு என் முகம்கூட நினைவிருக்காது என்று தோன்றியது. அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சுப்பர்வைசர் ஒரு பிள்ளையை நிற்கவைத்து ஏசிக்கொண்டிருந்தார்.

"நான் சத்தம் போடமாட்டன், சேர்" என்றேன்.

சேர் சிரித்துவிட்டார். "நல்ல குணம்தான். ஆனா சத்தம் போடாம லைன் ஓடுமா?"

"கத்தினா கை நடுங்கும், சேர். கை நடுங்கினா தையல் கோணும். மறுகா அதப் பிரிச்சுத் தைக்கணும். அந்த ஏச்சையெல்லாம் மெஷினில இருந்து கேட்டவ நான்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மிஸ்ஸைப் பார்த்தார். "சரி, அஞ்சாம் லைன் தாறன். இப்ப ஓடுற ஓடர் ஷிப்மென்ட் போகும்வரைக்கும் பாப்பம். சரிவராட்டி திரும்ப மெஷினுக்குத்தான்."

அஞ்சாம் லைன் என்ற அந்த மெஷின் வரிசைக்கு வந்த சுப்பர்வைசர் ஒருவரும் நிலைத்ததில்லை. நாளொன்றுக்குத் தைக்கவேண்டிய டார்கெட்டை அது தொட்டு யாரும் பார்த்ததும் இல்லை.

2. முதல் கிழமை

நான் சொன்ன பதில் எனக்கு முன்னமே லைனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வாகரையிலிருந்து கம்பனி பஸ்ஸில் வருகிற ஜெயந்தி அங்கே கொலர் தைப்பவள். கைவேலையில் கெட்டிக்காரி, வாயிலும் அப்படித்தான்.

"இவதான் சத்தம் போடாத சுப்பர்வைசராம். இனி நாம ஆறுதலாக் கதைச்சுக் கதைச்சுத் தைக்கலாம்" என்றாள். லைன் முழுக்கச் சிரித்தது.

அந்தக் கிழமை லைன் முன்பு தைத்த அளவைக்கூடத் தைக்கவில்லை. பக்கத்து லைன் சுப்பர்வைசர் பாயிஸ் என்னிடம் வந்து, "நஸீமா, ஒருக்காக் கத்திப் பாருங்க. மறுகா எல்லாம் நேராகும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

ஒருநாள் பின்னேரம் ஜெயந்தியின் மெஷினடியில் கொலர் பண்டில்கள் குவிந்து கிடந்தன. அவளுக்குப் பின்னால் உள்ளவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். எனக்கும் கத்திவிட வந்தது. கத்தாமல் ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு, அதில் இருந்தேன்.

"என்ன புள்ள நடந்த?"

அவள் நிமிரவில்லை. "நூல் அறுந்து அறுந்து போகுது."

"எப்பயிருந்து?"

"முந்தநாள் தொடங்கி."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"முந்தி இருந்தவருக்கு ஒருக்காச் சொன்னன். உனக்குத் தைக்கத் தெரியா, மெஷினில பிழை சொல்றாய் எண்டு எல்லாருக்கும் முன்னால ஏசினவர். அதுக்குப் பிறகு நாங்க ஒருத்தரும் ஒண்டும் சொல்றல்ல, அக்கா."

அஞ்சாம் லைன் ஏன் ஓடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஏச்சுக்குப் பயந்து எல்லாரும் பிழையை மறைத்தே பழகியிருந்தார்கள். மெக்கானிக்கிடம் நானே போனேன். "பிறகு வாறன்" என்றார். "நான் நிக்கிறன், நீங்க வாங்க" என்று அவர் மேசையடியிலேயே நின்றேன். வேறு வழியில்லாமல் எழுந்து வந்து மெஷினைச் சரிசெய்தார்.

மறுநாள் தொடங்கிக் காலையில் பெல் அடிக்க முதல் ஒவ்வொரு மெஷினாகப் போய், "இண்டைக்கு என்ன பிழை இரிக்கு?" என்று கேட்டேன். முதலில் முழித்தார்கள். பிறகு ஒருத்தி ஊசி மொட்டை என்றாள், இன்னொருத்தி தன் இடத்தில் வெளிச்சம் போதாது என்றாள். ஒவ்வொன்றாகச் சரிசெய்யச் செய்ய லைன் தைக்கும் கணக்கு மேலே ஏறத் தொடங்கியது.

3. மழை நாள்

ஷிப்மென்ட் போகவேண்டிய நாளில் மாரி மழை பிடித்துக்கொண்டது. வாகரை வீதியில் வெள்ளம், பஸ் வரவில்லை. லைனில் பாதி மெஷின்கள் வெறுமையாக இருந்தன. ரவீந்திரன் சேர் கோபமாக வந்தார்.

"இது முடியாது நஸீமா. மிச்சத்தப் பாயிஸ்ட லைனுக்குக் குடுக்கப்போறன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சத்தம் போட்டார்.

"மத்தியானம் வரைக்கும் தாங்க, சேர்" என்றேன். என் குரல் உயரவில்லை.

இருந்தவர்களில் இரண்டு வேலை தெரிந்தவர்களை இடம் மாற்றி, கொலருக்கு நானே இருந்தேன். காலைத் தேத்தண்ணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் ஒரு நெல் லொறி வந்து நின்றது. ஜெயந்தியும் மற்றப் பிள்ளைகளும் நனைந்த உடுப்போடு இறங்கினார்கள். வெள்ளத்தை நடந்து கடந்து, வழியில் லொறியை மறித்து ஏறி வந்திருக்கிறார்கள்.

"இண்டைக்கு வராட்டியும் உங்கள ஒருத்தரும் ஏசியிருக்கமாட்டாங்களே" என்றேன்.

"அதுதான் வந்தம். எழும்புங்க அக்கா, நீங்க தைச்சா விடிஞ்சிரும்" என்றாள் ஜெயந்தி.

பொழுதுபட முதல் கடைசிப் பெட்டி குவாலிட்டி செக்கில் பாஸ் ஆனது. அஞ்சாம் லைன் எழுந்து நின்று கைதட்டியது. பாயிஸின் லைனும் தட்டியது. சேர் வந்து, "நாளைக்கு எச்.ஆருக்குப் போய் நியமனக் கடிதத்த எடுங்க, சுப்பர்வைசர் மிஸ்" என்றார். அன்று வீட்டுக்கு நான் நடந்து போகவில்லை, பறந்துதான் போனேன்.

4. மேசைக்கு இந்தப் பக்கம்

இப்போது நானும் இன்டர்வியூ மேசையில் இருக்கிறேன். வருகிற பிள்ளைகள் பாடமாக்கிய சொற்களைச் சொல்லும்போது நான் ஒன்றுதான் கேட்பேன்: "அப்பிடி நடந்த ஒரு நாளச் சொல்லுங்க." நாள் இல்லாத சொல் அங்கேயே உதிர்ந்துவிடும். தம்பி தங்கைமாருக்கு நான் சொல்வதும் அதுதான். அழகான சொல்லைத் தேடாதீர்கள். நாளைக்கு வேலைத்தளத்தில் வைத்து மற்றவர்கள் கேட்டாலும் செய்து காட்டக்கூடிய சொல்லைச் சொல்லுங்கள்.

போன முறை சுப்பர்வைசர் வேலைக்கு ஜெயந்தி வந்து எனக்கு முன்னால் இருந்தாள். அவளிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டோம். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"வாய்க்காரி. ஆனா பிழைய மறைக்கமாட்டன்."

எச்.ஆர். மிஸ் என்னைப் பார்த்தார். நடந்த ஒரு நாளைச் சொல்லும்படி நான் ஜெயந்தியிடம் கேட்கவில்லை; அந்த நாளில் நான் அவள் பக்கத்து ஸ்டூலில் இருந்தவள். இரண்டாம் லைனை இப்போது அவள்தான் நடத்துகிறாள்.