கற்பூரம் காட்டிய விமானம்

பிச்சைமுத்து என் தங்கச்சி புருஷன். ஈப்போவில் டிவி ரிப்பேர் கடையில் வேலை. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் விமானப் புத்தகம் படிப்பான். எனக்கு எரிச்சலாக வரும். ஞாயிற்றுக்கிழமை மனுசன் தூங்குவானா, டிவிப் பெட்டிக்குள் வரும் வெள்ளை ஃபோமை அறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானா?

ரேடியோவில் ஓட்டும் பொம்மை விமானம் செய்ய எட்டு மாதம் அறுத்தான். செருப்புக் கோந்து பட்டு முதல் இறக்கை கரைந்தே போனது. அடுத்ததை ரப்பர் பாலால் ஒட்டினான். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது அப்புறம்தான் தோன்றியதாம்! தோட்டத்து லயத்தில் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

தரையில் நின்றே விமானத்தை ஓட்டும் ரேடியோ செட் மட்டும் அவனுடையதில்லை. கடைக்கு வரும் ஐயாத்துரை, ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து இஞ்சினியர், இரவல் கொடுத்திருந்தார். எண்பத்து நாலில் அவர் மகளோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்.

"ஞாயிறு பின்னேரத்துக்குள்ள பறக்கவிட்டா செட்டை நீரே வச்சுக்கொள்ளும். இல்லாட்டித் திருப்பித் தாரும்" என்றுவிட்டார். அப்படியொரு செட்டை இவன் கனவில்கூட வாங்க முடியாது.

அந்த ஞாயிறு என் லோரியில் விமானத்தை ஏற்றிக்கொண்டு, சிம்பாங் பூலாய் பக்கம் ரப்பர் மரங்களை வெட்டித் தள்ளிய தோட்டத்துக்குப் போனோம். நாங்கள் இரண்டே பேர். விமானத்தின் மூக்கில் ஈயம் வைத்தான், இறக்கையடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கி எடை சமமா என்று பார்த்தான், மறுபடி வைத்தான், மறுபடி பார்த்தான். இஞ்சின் எடுக்கவேயில்லை. காற்றாடியைச் சுண்டிச் சுண்டி விரலெல்லாம் ரத்தம்.

"இன்னைக்கு விட்டா அப்புறம் இல்ல மச்சான்" என்றான்.

"சபார் லா, பொறுடா" என்றேன். வேறென்ன சொல்ல?

ஐந்து மணிக்கு இஞ்சின் ஒருதரம் உறுமி நின்றது. அவசரத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினான். ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் கலந்த எண்ணெய், வழிந்து இடது இறக்கையெல்லாம் நனைந்தது. துடைக்கத் துணி எடுக்க லோரிக்கு ஓடினான்.

அந்த நேரம் பார்த்து நான் புத்திசாலித்தனம் காட்டினேன். எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டாமல் புது லோரியை நான் ஓரடி எடுக்கமாட்டேன். இதற்கு யாரும் காட்டவில்லை, அதுதான் இஞ்சின் முரண்டு பிடிக்கிறது என்று நினைத்தேன். விமானத்தின் சக்கரத்தடியில், கையோடு கொண்டுவந்திருந்த பழத்தை வைத்து, வெற்றிலையில் கற்பூரம் ஏற்றிச் சுற்றினேன். மூன்றாம் சுற்றில் வெற்றிலை இறக்கையில் உரசியது. அந்த எண்ணெய் வெயிலில் எரிந்தால் தீயே தெரியாதாம். இறக்கை தானாகச் சுருங்குவதைத்தான் பார்த்தேன்.

அவன் ஓடிவந்து மண்ணை வாரிப் போட்டு அணைத்தான். ஒரு முழம் போய்விட்டது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. என் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. கத்தியை எடுத்து வலது இறக்கையிலும் அதே ஒரு முழத்தை அளந்து அறுத்தான். "ரெண்டும் ஒண்ணா இருக்கணும்" என்றான். அழுதுகொண்டேதான் அறுத்தான்.

சனியன், இஞ்சின் இப்போது முதல் தடவை சுண்டியதுமே எடுத்தது. விமானம் மண்பாதை முழுக்க ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது, எழவேயில்லை. பாதை முடிந்த இடத்தில் மரக்கட்டையில் மோதி இரண்டாக உடைந்தது.

இருட்டுவதற்குள் ஐயாத்துரை வீட்டு வாசலில் நின்றோம். செட்டைச் சட்டையால் துடைத்து நீட்டினான்.

"பறந்ததோ?" என்று கேட்டார்.

நான் செய்ததைச் சொல்லட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"காத்து சரியில்லீங்க சார்" என்றான்.

அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை.