நேற்றைய சட்னிக்கு இன்றைய தாளிப்பு

சிங்காநல்லூர் பக்கம் ஒரு டிபன் கடையில் மூன்று வருடம் சட்னி அரைத்தேன். அந்தக் கடையில் தேங்காய்ச் சட்னிக்கு மறுபிறவி உண்டு. மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் கடுகும் கறிவேப்பிலையும் புதிதாகத் தாளித்துக் கொட்டினால் போதும், வாசனையில் எவருக்கும் சந்தேகம் வராது. முதலாளி சொன்னார், நான் கொட்டினேன். என் கையும் அதில் இருக்கிறது, மழுப்ப மாட்டேன்.

பக்கத்து ஹாஸ்டலில் இருந்து ஒரு பெண் தினமும் சாப்பிட வருவாள். "அக்கா, இன்னும் கொஞ்சம் சட்னி" என்று மூன்று தடவையாவது கேட்பாள். ஒரு வாரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது கையில் குளுக்கோஸ் ஏற்றிய இடம் கன்றிப்போயிருந்தது. வாந்தி, பேதியாம். எங்கள் சட்னியை அவள் சந்தேகப்படவே இல்லை. மறுபடியும் தட்டை நீட்டினாள்.

அன்றைக்கே முதலாளியிடம், "இனிமேல் பழசுல தாளிக்க மாட்டேனுங்ணா" என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதைக்கூட மரியாதையாகத்தான் செய்வார்கள். "வேலை வேணுமுங்களா, வேண்டாமுங்களா அம்மணி?" என்று சிரித்தபடி கேட்டுவிட்டு, கரண்டியை வாங்கி அவரே தாளித்தார்.

அந்த வாரமே உணவு பாதுகாப்பு அதிகாரி ஒரு அம்மா, ஆட்களோடு சோதனைக்கு வந்தார். வரப்போவது முதலாளிக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்திருந்தது. தரை பளபளத்தது, எங்கள் தலையில் எல்லாம் புதுத் தொப்பி. சட்னி மட்டும் பழசு. அந்த அம்மா பாத்திரத்தைத் திறந்து, "இது எப்ப அரைச்சது?" என்று கேட்டார்.

"இன்னைக்குக் காலைலதானுங்க மேடம்" என்றார் முதலாளி.

அதிகாரி என்னைப் பார்த்தார். என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் புதுத் தொப்பி நெற்றியில் அரிக்க அரிக்க ஆத்திரம்தான் மேலே வந்தது.

"அரைச்சது நானுங்க. நேத்துக் காலைல அரைச்சதுங்க. தாளிப்பு மட்டும்தான் இன்னைக்குப் போட்டது."

சட்னியில் சாம்பிள் எடுத்து சீல் வைத்தார்கள். அவர்களின் ஜீப் தெருமுனை திரும்புவதற்குள், "நாளையில இருந்து நீங்க வர வேண்டாமுங்க" என்றார் முதலாளி. தொப்பியைக் கழற்றி அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். இன்றுவரை அதற்காக வருத்தப்பட்டதில்லை.

அதன்பிறகு நாலு கடை ஏறி இறங்கினேன். எனக்கு முன்னாலேயே விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. ஐந்தாவதாகப் பீளமேட்டில் ஒரு கடை. அந்த முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்க ஆபீசர் வந்தாலும் சொல்லிப்போடுவீங்களா?"

"பழசா இருந்தாச் சொல்லுவேனுங்க."

அவர் உள்ளே போனார். ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம், ஏதோ தொட்டியில் கொட்டும் சத்தம், அப்புறம் குழாய்ச் சத்தம். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"காலைல அஞ்சு மணிக்கு வந்துருங்க அம்மணி."