காக்கா வராத இடத்தில் காவல்

கூலிங் என்று பட்டப்பேரைச் சொன்னால் அந்த வெளிநாட்டு ஊரில் இருக்கிற நம்ம ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். ஏசி மெக்கானிக். கம்ப்யூட்டர்கள் மட்டுமே குடியிருக்கிற ஒரு பெரிய கட்டடத்தில் வேலை. மனுஷனுக்கு வேர்த்தால் துண்டால் துடைத்துக்கொள்வான், மெஷினுக்கு வேர்த்தால் ஊரே நின்றுபோகும் என்று பெருமையாகச் சொல்வார். அலமாரி அலமாரியாக அடுக்கிய மெஷின்களுக்கு முன்பக்கமாகக் குளிர்ந்த காற்றை ஊதவேண்டும். அது உள்ளே புகுந்து சூட்டை வாங்கிக்கொண்டு பின்பக்கம் அனலாக வரும். முன்பக்கச் சந்தில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது, பின்பக்கச் சந்தில் ஸ்வெட்டரோடு நிற்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் அலைந்தே அவருக்கு முடி கொட்டியது என்பது அவர் மனைவியின் கட்சி.

அந்த அம்மாள் ஒரு தையல் கடையில் பேன்ட்டுகளை வெட்டிச் சிறிதாக்குகிற வேலை பார்த்தார். வேறு எதிலும் பிடிவாதம் கிடையாது. கூழ் வடகம் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். கடையில் பாக்கெட்டில் விற்பதைப் பொரித்த அட்டை என்பார். ஆனால் அந்த நாட்டு வெயிலோ, கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதாமல் நழுவுகிற ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி, தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும். பால்கனியில் காயவைத்த வடகம் பச்சையாகப் பூசணம் பூத்தது. கரண்ட் அடுப்புக்குள் வைத்தது ஓடாக இறுகி, மகள் அதைக் கடித்துப் பல் டாக்டரைப் பார்க்கப் போனாள்.

நுணலும் தன் வாயால் கெடும். ஒருநாள் சாப்பிடும்போது கூலிங், அந்தப் பின்பக்கச் சந்தில் துணி போட்டால் நிமிஷத்தில் காய்ந்துவிடும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை விடிகாலையில் எழுந்து பார்த்தால் சமையலறையில் அரிசிக்கூழ் கொதித்துக்கொண்டிருக்கிறது. பச்சை மிளகாய் அரைத்தாகிவிட்டது, எலுமிச்சம்பழம் பிழிந்தாகிவிட்டது, முறுக்கு அச்சு கழுவிக் கவிழ்த்திருக்கிறது. அவருடைய பழைய வேட்டியையும் மடித்து வைத்திருந்தார் அந்த அம்மாள். கூடவே ஒரு கறுப்புக் குடை, ஒரு குச்சி.

குடை எதற்கு என்று கேட்டார் கூலிங்.

"காக்கா விரட்டத்தான். கறுப்பு கொடை விரிச்சு வெச்சா காக்கா கிட்ட வராது. கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவை குச்சிய ஆட்டி சூ சொல்லணும்."

"அங்க ஜன்னலே கெடயாது. ஈ கூட வராது. காக்கா எங்கேர்ந்து வரும்?"

"ஏங்க, எங்க வீட்டுல காவல் இல்லாம வடகம் காஞ்சதா சரித்திரமே இல்ல. காவல் இல்லாம காஞ்சா அதுக்குப் பேரு வடகம் இல்ல, காஞ்ச மாவு."

கல்யாணமாகி வெகுகாலம் ஆனவர் என்பதால் கூலிங் குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சனிக்கிழமை அந்தக் கட்டடத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. டூல்ஸ் பெட்டிக்குள் கூழ்த் தூக்கை வைத்து எடுத்துப்போனார். அனல் சந்தில் வேட்டியை விரித்து வரிவரியாகப் பிழிந்தார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, குடையை விரித்துப் பக்கத்தில் வைத்தார். யாரும் பார்க்கப்போவதில்லை, சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவரால் வீட்டில் பொய் சொல்ல முடியாது. பொய் சொன்னால் காது சிவந்துவிடும். ஆகவே குச்சியை ஆட்டி, "சூ... சூ" என்றார்.

கூரையில் கேமரா இருப்பதை மறந்துபோனார்.

மேனேஜர் அந்த நாட்டுக்காரர், நிதானமான மனுஷர். அன்றைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தார். மெஷின் அறைக்குள் ஒருவன் குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறான் என்றால் கூரை ஒழுகுகிறது என்றுதானே அர்த்தம்? கூலிங் பதறி, தண்ணீர் இல்லை, காக்காவுக்காகத்தான் குடை என்று உள்ளதைச் சொன்னார். மேனேஜர் முகம் வெளுத்தது. காக்கா எங்கே என்று கேட்டார். இப்போது இல்லை என்றார் கூலிங். அவருக்குத் தெரிந்த அளவு அந்த ஊர் பாஷையில் அது, இவ்வளவு நேரம் இருந்தது, இப்போதுதான் எங்கேயோ போய்விட்டது என்று விழுந்தது.

பிறகு நடந்ததைத் தடுக்க அவரால் ஆகவில்லை. பூச்சி, எலி பிடிக்கிற கம்பெனியிலிருந்து ஒருவர் ஏணியோடு வந்தார். கூரைப் பலகைகளைக் கழற்றினார், குழாய்க்குள் டார்ச் அடித்தார். காக்கா அகப்படவில்லை. அகப்படாத காக்கா அகப்பட்டதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அது புத்திசாலி என்று அவர் மேனேஜரிடம் விளக்கினார். வேட்டியில் இருந்ததைக் குனிந்து முகர்ந்து பார்த்து, காக்காவைப் பிடிக்க வைத்த இரையா என்று கேட்டார். கூலிங் வாயைத் திறப்பதற்குள், நல்ல யோசனை, இதை வாராவாரம் புதிதாக வைக்கவேண்டும், பக்கத்திலேயே ஆள் இருக்கவேண்டும் என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அப்படியாக வடகம் கம்பெனி வேலையானது. சனிக்கிழமைதோறும் கூலிங் கம்பெனி கொடுத்த குடையின் கீழ் உட்கார்ந்தார். சொந்தக் குடை சிறிதாக இருக்கிறதாம். மாலையில் வடகத்தைத் திரட்டி வீட்டுக்கு எடுத்துப்போனால், பழைய இரையை ஒழுங்காக அப்புறப்படுத்துகிறார் என்று நல்ல பேரும் கிடைத்தது. விஷயம் கசிந்து, எதிர்வீட்டு அக்கா மோர் மிளகாயைக் கொண்டுவந்து கொடுத்தார். இரையை மாற்றி மாற்றி வைப்பது நல்லது என்று பூச்சிக்காரரும் ஆமோதித்தார்.

ஊருக்கெல்லாம் வடகம் நன்றாகக் காய்ந்தது, கூலிங்தான் வதங்கினார். மேனேஜர் எதிரில் வந்தாலே தேள் கொட்டிய திருடன் மாதிரி விழித்தார். கடைசியில் தாங்காமல் ஒருநாள் அவர் அறைக்குப் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். காக்காவே கிடையாது. அது தின்கிற பண்டம். காவல் என்பது மனைவி வீட்டு வழக்கம்.

காவல் போட்ட பிறகு ஒரு காக்காவாவது வந்ததா என்று கேட்டார் மேனேஜர். இல்லை என்றார் கூலிங். அப்படியென்றால் காவல் பலிக்கிறது, இப்போது போய் எதற்கு நிறுத்துவது என்றார் மேனேஜர்.

அடுத்த சனிக்கிழமை, குளிர் பக்கத்தில் ஒரு மோட்டார் மக்கர் பண்ணவே, அதைப் பார்க்க கூலிங் போக, மேனேஜரே ஸ்டூலில் உட்கார்ந்தார். திரும்பி வந்து பார்த்தால் மனுஷர் கண்ணை இமைக்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். குச்சியை அவர் ஆட்டிய ஆட்டில் ஒரு மரியாதை இருந்தது. அன்றைக்கு வந்த வடகத்தைப் பொரித்துப் பார்த்த கூலிங் மனைவி, இந்தத் தடவை காவல் யாரு என்று கேட்டார். சொன்னதும், "நீங்க உக்காந்ததுல இந்தப் பொரிப்பு வரலியே" என்றார். கூலிங்குக்குச் சுருக்கென்றது. வெகுகாலமாக உட்கார்ந்தவர் அவர்.

கைராசிக்காரரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடாமல் இருப்பது முறையில்லை என்று அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமை விருந்து வைத்தார். சோறு, ரசம், ஒரு பொரியல், தட்டு நிறைய வடகம். மேனேஜர் வடகத்தைக் கண்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். என்னதான் சொன்னாலும் அவர் மனசில் அது இன்னும் இரைதான். விஷம் கலந்திருக்குமோ என்று பார்த்தார். மகள் ஒன்றை எடுத்து நொறுக்கினாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியான பிறகு அவரும் ஒன்றைக் கடித்தார். இன்னொன்று எடுத்தார். ரசம் சோற்றை மறந்து தட்டைக் காலி செய்தார்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கூலிங்கிடம் மெதுவாக என்னவோ சொன்னார்.

"என்னங்க சொல்றாரு?" என்றார் மனைவி.

"இவ்வளவு ருசியா இருந்தா காக்கா வராம என்ன பண்ணும்னு கேக்கறாரு."

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றபடி அந்த அம்மாள் மறுபடியும் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினார்.