நாடகத்தில் யார் என்ன மொழி பேசினார்கள்?

நாடகம் பார்க்கிறவனை ஊர் நம்பும், நாடகம் போடுகிறவனைக்கூட ஓரளவு நம்பும், நாடகத்தை ஆராய்ச்சி செய்கிறவனை மட்டும் நம்பவே நம்பாது.

கையில் ஒரு கேள்வியோடு தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவரா நீங்கள்? கணக்கெடுக்கவோ சோப்பு விற்கவோ சம்பந்தம் பேசவோ இறங்கியிருந்தாலும் சரி, நாம் ஒரே இனம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்துவார்களே, அந்த அமைதி உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

எழுபதுகளில் நான் பத்திரிகைகளின் சிறுவர் பகுதிகளுக்கு எழுதிக்கொண்டே ஆங்கில இலக்கியத்தில் ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பதிந்திருந்தேன். எனக்கு அமைந்த பொருள், நானூறு வருடங்களுக்கு முன்பு இங்கிலாந்தில் பள்ளிப் பையன்கள் நடித்த நாடகங்கள். அந்தக் காலத்தில் பள்ளிக்குள் லத்தீன்தான் பேச வேண்டும். வாய் தவறி ஆங்கிலம் பேசினால் பிரம்படி. அவர்களுக்காக வாத்தியார்கள் எழுதிய நாடகங்களிலோ ஒருவன் லத்தீனில் ஆரம்பித்து ஆங்கிலத்துக்குத் தாவுவான். இன்னொருவன் ஆங்கிலத்துக்கு நடுவே அரைகுறை லத்தீனை அள்ளிப் போட்டுச் சபையைச் சிரிக்கவைப்பான். யார், யாரிடம், எப்போது மொழி மாறுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. கேட்பதற்குச் சாதுவான கேள்வி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பெட்டி திரும்பி வர வேண்டும்

முதல் அத்தியாயத்தில் ஒரு காட்சியைப் பற்றி, "இந்த இடத்தில் சபை விழுந்து விழுந்து சிரித்தது" என்று எழுதியிருந்தேன். என் பேராசிரியர் அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டார். "நீ அங்கே இருந்தாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பிறகு சிரித்தது உனக்கு எப்படித் தெரியும்?" செத்துப்போன சபையை யாரும் கேட்க முடியாது. உயிரோடு இருக்கும் சபையைப் போய்ப் பார் என்றார். பாலக்காட்டுக்குக் கிழக்கேயும் இடுக்கி மலையிலும் தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் கலந்து பிள்ளைகள் நாடகம் போடுகிற எல்லைப் பள்ளிகள் இருக்கின்றனவாம்.

துறைக்குச் சொந்தமான டேப் ரிக்கார்டரை பீரோவிலிருந்து எடுத்து, துடைத்து, என்னிடம் தருவதா வேண்டாமா என்று சற்று நேரம் மடியிலேயே வைத்திருந்தார். பிறகு நீட்டினார்.

"நீ வராவிட்டாலும் இந்தப் பெட்டி வந்துவிட வேண்டும்."

கொல்லங்கோட்டில் ஒரு கணக்கெடுப்பு

கொல்லங்கோட்டுப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒத்திகை பார்க்க அனுமதி கிடைத்தது. திருடன் தமிழில் திட்டம் போடுகிறான், போலீஸ்காரர் மலையாளத்தில் அதட்டிக்கொண்டு நுழைகிறார். எனக்கு ஒரே குஷி. திருடனாக நடித்த பையனின் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் நன்றாயிருக்கும் என்று அவன் அப்பாவைத் தேடிப் போனேன். நெல் விவசாயி. மோர் கொடுத்து உட்கார வைத்தார்.

வீட்டில் எத்தனை பேர், பெரியவர்கள் யாரிடம் என்ன பேசுவீர்கள், வேலையாட்கள் எத்தனை பேர், அவர்களிடம் எந்த மொழி என்று வரிசையாகக் கேட்டேன். நில உச்சவரம்புச் சட்டம் வந்து, ஆபீசர்கள் வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்த சமயம் அது. அதை நான் யோசிக்கவில்லை. அவர் யோசித்தார். "ஏனுங்க, வேலையாளு எத்தனைன்னு எதுக்குங்க?" என்றார். நாடகத்துக்காக என்றேன். லத்தீன், இங்கிலாந்து, பிரம்படி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். விளக்க விளக்க அவர் முகத்தில் சந்தேகம் உறுதியாகிக்கொண்டே வந்தது. இவ்வளவு நீளமான கதையை உண்மை சொல்கிறவன் எதற்குச் சொல்வான்?

கடைசியில் எழுந்து நின்று, மோர் டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஊட்டுல அல்லாரும் தமிழ்தானுங்க பேசுவோம். நெலத்தப் பத்திக் கேட்டீங்கன்னா எந்த பாஷையும் பேசமாட்டோமுங்க."

அகளியில் கிடைத்த விமர்சனம்

அடுத்த பள்ளியைத் தேடிப் போகும் வழியில், அகளி என்ற மலையூரின் பஸ் நிறுத்தத்தில் ஒரு கான்ஸ்டபிள் என் பையைத் தொட்டுப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டார். நக்சலைட் பயத்தால், மலைப்பாதையில் போகிற வெளியூர்க்காரனை நாலு கேள்வி கேட்காமல் விடாத காலம். டேப் ரிக்கார்டர் என்றேன். போட்டுக் காட்டச் சொன்னார். கொல்லங்கோட்டு ஒலிநாடா உள்ளேயே இருந்தது. பொத்தானை அழுத்தியதும் திருடன் பேசினான்: "ஆளில்லாத நேரமாப் பாத்து உள்ள பூந்துரலாம்டா. சாவி எங்கிட்ட இருக்குது."

கான்ஸ்டபிள் என் தோளில் கை வைத்தார். "எவிடெ? எங்க பூந்துரலாம்?" பள்ளிக்கூட நாடகம் என்றேன். என்னை நிறுத்திவைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். போலீஸ்காரர் நுழைந்து மலையாளத்தில் கத்துகிற இடம் வந்ததும் காதைப் பெட்டியோடு ஒட்டவைத்துக்கொண்டார். அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். மறுபடியும் ஒருமுறை. பஸ் போய்விட்டது. பெட்டியை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தில் சந்தேகம் குறையவில்லை, ஆனால் அது இப்போது என் மேல் இல்லை.

"மலையாளம் சரியாணு. பக்ஷே ஞங்ஙள் போலீசுகார் இங்ஙனெ அலறாறில்ல, கேட்டோ."

ஜெபமணி டீச்சரின் ஒத்திகை

இடுக்கி மலையில், கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்று இருந்தது. மலையாள வகுப்புகளுக்கு நடுவே ஒரே ஒரு தமிழ் வகுப்பு. அதன் ஆசிரியை ஜெபமணி டீச்சர். ஆண்டு விழா நாடகத்தைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும், "ஏ.இ.ஓ. ஆபீஸ்ல இருந்துதான வாரீக?" என்று கேட்டார். ஏ.இ.ஓ. என்றால் உதவிக் கல்வி அதிகாரி. விழாவுக்கு அவர்தான் வரப்போகிறார், சும்மா வரவில்லை. பிள்ளைகளுக்குத்தான் மலையாளம் தெரியுமே, பிறகு தனியாகத் தமிழ் வகுப்பு எதற்கு என்று மேலிடத்தில் ஒரு பேச்சு. நேரில் பார்த்து அவர் முடிவு சொல்வார். மூடச் சொன்னால் பிள்ளைகள் மலையாள வகுப்புக்குப் போக வேண்டும், டீச்சர் வேறு எங்காவது போக வேண்டும்.

ஒத்திகை ஆரம்பித்தது. ஒரு தோட்டத் தொழிலாளி ஆபீஸ் ஆபீசாக அலைகிற கதை. அத்தனை பேரும் செந்தமிழ் பேசினார்கள். "ஐயா, தங்கள் அலுவலகத்திற்கு நேற்றும் வந்தேன்" என்றான் தொழிலாளி. "நாளை வருக" என்றாள் அதிகாரி. அதிகாரியாக நடித்த பெண் எஸ்தர். மெலிந்த உடம்பு, அகலமான கண்கள். ஒவ்வொரு வசனத்துக்கு முன்பும் நெஞ்சில் கசப்பு மருந்து இறங்குவது போல ஒரு முழுங்கு முழுங்கினாள்.

நான் டீச்சரிடம் என் பையிலிருந்த பழைய ஆங்கில நாடகத்தைக் காட்டி, கலந்து பேசுகிற மொழிதான் எனக்கு வேண்டியது, தூய மொழி அல்ல என்று விளக்கினேன். அவர் நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். இப்படியொரு புத்தகத்தோடு ஏ.இ.ஓ. ஆபீஸ் ஆள் வரமாட்டான் என்று பாதி நம்பிக்கை வந்திருக்க வேண்டும், உண்மையைச் சொன்னார். அங்கே நாடகத்துக்கு வேஷம் கட்டத் துணிமணி கிடையாது. பள்ளி உடுப்போடுதான் நடிப்பார்கள். தமிழ் பேசினால் தொழிலாளி, மலையாளம் பேசினால் ஆபீசர், இங்கிலீஷ் பேசினால் மேனேஜர். மொழிதான் வேஷம். வருஷா வருஷம் அப்படித்தான். இந்த வருஷம் மட்டும் முடியாது, மலையாளம் ஒரு சொல் வெளியே வந்தாலும் வகுப்பு போய்விடும் என்றார். நான் யாரென்று அவருக்கு இன்னமும் உறுதியாகவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்:

"லத்தீன் பேசாட்டி அடின்னு சொன்னீகள்ல, அந்தப் பிள்ளைக நாடகத்துல இங்கிலீசு பேசுனத அதிகாரி யாரும் பாத்தாகளா? பள்ளிக்கூடத்த மூடிட்டாகளா சார்?"

மேனேசரு யாரு?

விழா அன்று மைதானத்தில் தோட்டமே திரண்டிருந்தது. முன்வரிசையில் தலைமை ஆசிரியரும் ஏ.இ.ஓ.வும். நான் பெட்டியோடு தூணோரம் நின்றேன். செந்தமிழ் நாடகம் தொடங்கிய சற்று நேரத்திலேயே சபை நெளிந்தது. எல்லாரும் ஒரே உடுப்பு, எல்லாரும் ஒரே தமிழ். யார் யாரை அதட்டுகிறார் என்றே விளங்கவில்லை. பின்னாலிருந்து ஓர் ஆள் கத்தினார்: "ஏ புள்ள, இதுல மேனேசரு யாரு, கூலியாள் யாரு? ஒண்ணும் வெளங்கலயே!" தொழிலாளி அழவேண்டிய இடத்தில் கூட்டம் சிரித்தது. எஸ்தர் பேச்சை நிறுத்தினாள். டீச்சர் திரை மறைவிலிருந்து "நாளை வருக, நாளை வருக" என்று எடுத்துக் கொடுத்தார்.

எஸ்தர் இடுப்பில் கையை வைத்தாள். முழுங்கவில்லை. "மாறி நில்க்கு! பேரெந்தா? நாளெ வா, நாளெ வா!" என்று ஒரு அதட்டல். மைதானம் அதிர்ந்தது. அத்தனை பேரும் ஏதோ ஒரு ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று, தள்ளி நில், பேர் என்ன, நாளைக்கு வா என்று இதையே கேட்டவர்கள்தான். என் விரல் தானாகப் பொத்தானை அழுத்தியது. டீச்சர் அதைப் பார்த்தார். அவர் பார்த்த பார்வையைக் கண்டதும் பெட்டியை நிறுத்திவிட்டேன்.

ஏ.இ.ஓ. சிரிக்கவில்லை. நாடகம் முடிந்ததும் எஸ்தரை அருகே கூப்பிட்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று மலையாளத்தில் மெதுவாகக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாளெ வா" என்றாள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். "மாறி நில்க்கு" என்றாள், அழப்போகிற குரலில். இன்று காலை என்ன சாப்பிட்டாய் என்றார். அவள் யோசித்து, "பேரெந்தா?" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஏ.இ.ஓ. நாற்காலியில் சாய்ந்தார். பிறகு தலைமை ஆசிரியரிடம் சொன்னார்:

"நம்ம அதட்டுற மலையாளம் மாத்திரமே இந்தக் குட்டிக்கு அறியும். தமிழ் கிளாஸ் அவிடெ இரிக்கட்டெ, சாரே."

ரேஷன் கடை

மாலைக்குப் பிறகு அந்த மலையில் பஸ் கிடையாது. ஏ.இ.ஓ. தோட்டத்து பங்களாவிலும் நான் டீக்கடை மாடியிலும் தங்கினோம். இரவெல்லாம் என் அத்தியாயம் மனதில் தானாகவே எழுதிக்கொண்டிருந்தது. அதிகாரத்தின் மொழியை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைகள். அந்த மொழியில் தமக்கென்று ஒரு சொல்கூட இல்லாதவர்கள். பேராசிரியர் இதன் கீழ் எப்படிச் சிவப்புக் கோடு போடுவார் பார்க்கலாம் என்றிருந்தேன்.

காலையில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே ரேஷன் கடையில் ஒரே சத்தம். சர்க்கரை ஈரமாக இருக்கிறது, எடைக்காக நனைத்தீர்களா, போன தடவையும் இதே கதைதான், உங்கள் வீட்டுச் சேச்சியிடம் சொல்லிவிடுவேன் என்று கடைக்காரரை ஒருத்தி மூச்சு விடாமல் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். அத்தனையும் மலையாளம், ஒரு தடுமாற்றமும் இல்லாத மலையாளம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே வேறு மூட்டையை அவிழ்த்தார். எஸ்தர் பையை வாங்கிக்கொண்டு திரும்பினாள். வரிசையில் அவளுக்கு அடுத்து நின்ற ஜெபமணி டீச்சர், வானத்தில் மழை வருமா என்று மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள், என் பையையும் பார்த்தாள். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"சார், பெட்டியத் தொறந்துராதீக. ஏ.இ.ஓ. இன்னும் பஸ் ஏறல."

நான் திறக்கவில்லை, ஆனால் அன்று முதல், லத்தீன் வராமல் மேடையில் திக்கித் திணறியதாக ஏட்டில் இருக்கும் அந்த இங்கிலாந்துப் பையன்களில் ஒருவனைக்கூட நான் நம்புவதில்லை.