ஓகுஸ்தேன் எழுதிய ஒன்று

சுரக்குடிப் பக்கத்து நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் ஓகுஸ்தேனுக்கு விளக்குப்பொறி வேலை. விடிந்ததும் பொறியில் விழுந்து கிடக்கும் அந்துப்பூச்சிகளை வகை பிரித்து, எண்ணி, பதிவேட்டில் எழுத வேண்டும். அண்ணன் மொரீஸ் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறியபோது இவர் காரைக்காலிலேயே தங்கிவிட்டார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் இவருக்குத் தந்தது முத்து முத்தான கையெழுத்து ஒன்றைத்தான். அதை வைத்துக்கொண்டு பூச்சி எண்ணுகிறானே என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, அதுவும் ஒரு படிப்புதான்.

நெல்தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சியின் பேரினத்துக்கு ஸ்கிர்ப்போஃபாகா என்று பெயர். அந்த லத்தீன் பெயரை அவர் ஜெபம் மாதிரி சொல்வார். மஞ்சள் வகையில் பெண்ணுக்கு இறக்கைக்கு ஒரு கறுப்புப் பொட்டு. முட்டையிட்டதும் தன் வால்மயிரை உதிர்த்து அதன்மேல் போர்த்திவிட்டுப் போய்விடும். பொட்டே இல்லாத வெள்ளைகளும் அதே பேரினம்தான். ஒன்று கரும்பைத் துளைக்கும், ஒன்று கோரையை, ஒன்று நெல்லை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். வயிற்று நுனியை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் எது எதென்று தெரியும்.

எழுபத்தொன்பது தை மாதத்தில், மணி பிடிக்காமல் வெளுத்துச் சாவியாகிப்போன தாளடிப் பயிரின் கதிர்களைத் தண்டோடு அறுத்து, ஜாடியில் போட்டுத் துணி கட்டிவைத்தார். ஐந்து வெள்ளைப் பூச்சிகள் வெளியே வந்தன. பண்ணை அதிகாரி தியாகராசன் நம்பவில்லை. "கரும்புப் பூச்சிய்யா அது, பறந்து வந்திருக்கும்" என்றார். ஓகுஸ்தேன் ஊசியில் குத்தி, 'காரைக்கால், கதிர்விட்ட நெல், 21-1-79' என்று சீட்டெழுதிச் செருகி, ஐப்பசியில்தான் துணிந்து தூரத்து அருங்காட்சியக நிபுணர் ஒருவருக்கு அனுப்பினார். திருப்பி அனுப்புவதற்கென்று தன் வீட்டு விலாசத்தையும் எழுதி வைத்தார்.

பதில் அதிகாரிக்கு வந்தது. தியாகராசன் இவரைக் கூப்பிட்டார்.

"ஜூலை இருபத்தேழுன்னு போட்டிருக்கியாம். ஆடிப்பட்டம் தேடி வெதைக்கிற மாசம்யா அது! அப்ப கதிர் எங்கேருந்து வந்துச்சு? அன்னிக்கு நீ லீவு வேற."

"தை மாசம் சார். ஜனவரி."

"சீட்டுல நீதானே எழுதியிருக்கே? சீட்டே பொய்யின்னு அந்த மியூசியப் பெரியவர் எழுதியிருக்காரு. ஒரு வாரத்துல வெளக்கம் கொடு, இல்லாட்டி வேலை இல்ல."

ஜாடி வைத்தது சொந்த ஆர்வத்தில். பதிவேட்டில் அதற்குச் சாட்சியில்லை. ஒன்றும் தெரியாதவன் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். பொய் எழுதினவன் என்றதுதான் நெஞ்சை அறுத்தது. மாற்றி எழுதித் தொலைத்தோமோ என்று தன்மேலேயே சந்தேகம் வந்து, மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நாலாம் நாள் காலை, அதே தெருவில் ஏழாம் எண் வீட்டு பத்ருன்னிசா ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள்.

"சுசானக்கா, ஒங்க ஊட்டுப் பெட்டிய புது தபால்காரரு எங்கள்ட்ட கொடுத்துட்டுப் போயிட்டாரு."

ஓகுஸ்தேனின் மனைவி சுசான், பெட்டிமேல் கணவர் கையெழுத்தில் ஒட்டியிருந்த விலாசத்தைப் பார்த்தாள். "ஒண்ணுன்னு சரியாத்தானே எழுதிருக்கு?"

"இதா ஒண்ணு? ஏழுல்ல!"

ஓகுஸ்தேன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து ஒன்றுக்குத் தலையில் நீளமாக ஒரு கொக்கி உண்டு. இங்கிலீஷ் படித்தவர்களுக்கு அது அச்சு அசல் ஏழு.

பூச்சிகள் சீட்டோடு திரும்பி வந்த அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பண்ணைக்கு ஓடினார். "எழுபத்தொம்போதுல இருக்கிற ஏழைப் பாருங்க சார். இடுப்புல குறுக்குக்கோடு இருக்கா? நான் போடுற ஏழு பெல்ட் கட்டியிருக்கும். மத்ததெல்லாம் ஒண்ணு!"

தியாகராசன் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் சிறுத்துவிட்டது. "வெளக்கமெல்லாம் ஒண்ணும் வேணாம். ஒக்காருங்க ஓகுஸ்தேன்" என்றார். அதுவரை அவர் 'ங்க' போட்டதில்லை.

பூச்சிகள் மறுபடி தபாலேறின. கூடவே ஒரு கடிதம்: என் சீட்டைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிட்டு, டைப் அடித்தது ஒன்று வையுங்கள். தன் கையெழுத்தின்மேல் அவருக்கு அவ்வளவு கூச்சம் வந்துவிட்டது.

பங்குனியில் பதில் வந்தது. அவை நெல்லைத் துளைக்கும் வெள்ளைப் பூச்சிகளேதான். அவசரப்பட்டதற்கு வருந்துகிறேன் என்று நிபுணர் எழுதியிருந்தார். பிறகு: 'டைப் அடித்த சீட்டு வைத்தாயிற்று. உங்களுடையதை எடுக்க மாட்டோம். பிடித்தவர் எழுதிய முதல் சீட்டை ஊசியிலிருந்து கழற்றும் வழக்கம் எங்களுக்கு இல்லை. நூறு வருஷம் கழித்துப் பார்ப்பவரும் உங்கள் கையெழுத்தையும் சேர்த்தே படிப்பார்.'

"என்னங்க எழுதியிருக்காரு?" என்றாள் சுசான்.

"தூக்கிப் போடலியாம் சுசான்" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.